பழவேற்காட்டிலிருந்து பாரிமுனை வரை கடற்கொள்ளை

கடற்கொள்ளையர் பெயரைச் சொல்லியே பிழைக்கிற ஊர்கள் உலகத்தில் நிறைய உண்டு. அமெரிக்காவின் டாம்பா நகரத்தில் 1904லிருந்து ஹோசே காஸ்பர் என்ற கொள்ளையன் பெயரில் திருவிழா நடக்கிறது. வேஷம் போட்டுக்கொண்டு கப்பலில் வந்து இறங்குவார்கள், ஊரைப் பிடித்துவிட்டதாகச் சொல்லி மேயரிடம் சாவி வாங்குவார்கள், அப்புறம் ஊர்வலம், குடி, கூத்து. விசேஷம் என்னவென்றால் அப்படி ஒரு ஆள் வாழ்ந்ததற்கே ஆதாரம் கிடையாது. ரீயூனியன் தீவில் ஒலிவியே லெவாசர் என்ற பிரெஞ்சுக் கொள்ளையனின் கல்லறை என்று மண்டையோடு செதுக்கிய ஒரு கல்லைக் காட்டுவார்கள், பூ வைப்பவர்களும் உண்டு. அவனைத் தூக்கில் போட்டது 1730ல். அந்தக் கல்லறைத் தோட்டம் திறந்ததே 1788ல்தான். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்து வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள் நிறைந்த தீவு அது, ஆகவே அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற கூட்டத்தில் நம் சொந்தக்காரர்களும் இருக்கக்கூடும்.

சென்னையில் இந்த வகையறா என்று பார்த்தால் தீவுத்திடல் பொருட்காட்சியில் ஆடுகிற கொலம்பஸ் மட்டும்தான். வெளிநாட்டில் அதே ராட்டினத்துக்குக் கொள்ளையர் கப்பல் என்று பெயர். நாம் கொலம்பஸ் என்று வைத்திருக்கிறோம், அதிலும் பெரிய தப்பில்லை என்று கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகள் சொல்வார்கள்.

ஆனால் நிஜமான சரக்கு நம்மிடம்தான் இருக்கிறது. பழவேற்காட்டில் ஆரம்பித்து எண்ணூர், காசிமேடு, ராயபுரம் வழியாகப் பாரிமுனைக்கும் கோட்டைக்கும் வந்தால் நானூறு வருஷக் கடற்கொள்ளைக் கதை வரிசையாகக் கிடக்கிறது. கறுப்புக் கொடி, ஒற்றைக் கண், தோளில் கிளி எதுவும் கிடையாது, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. இந்தக் கரையில் கொள்ளையடித்தவர்களில் பாதிப் பேர் கையில் ஏதாவது ஒரு சீட்டு வைத்திருந்தார்கள். ராஜா கொடுத்த சீட்டு, கம்பெனி கொடுத்த சீட்டு, வைஸ்ராய் கொடுத்த சீட்டு. சீட்டு இருந்தவன் அதிகாரி ஆனான், தொலைத்தவன் கயிற்றில் தொங்கினான். இந்தக் கதைகளை நான் படித்துக்கொண்டே போகப் போக இந்த ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

சீட்டு வியாபாரத்தைப் பெரிய அளவில் தொடங்கியது போர்ச்சுகீசியர்கள். பதினாறாம் நூற்றாண்டில் இந்தியக் கடலில் போகிற எந்த உள்ளூர்க் கப்பலும் அவர்களிடம் காசு கொடுத்து 'கர்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வாங்காமல் போனால் கப்பலும் சரக்கும் அவர்களுக்கு. நம் கரையில் பல நூறு வருஷமாக மலாக்காவுக்குத் துணி ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வணிகன் ஒரே நாளில் கள்ளக் கப்பல்காரன் ஆகிவிட்டான். நம் பேட்டைகளில் கடைக்காரர்களிடம் வாங்குகிற மாமூலுக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

டச்சுக்காரர்கள் வந்து பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தார்கள். 1612ல் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர்கள் கிளம்பிப் போய் அதை அழித்தார்கள். அடுத்த வருஷமே அங்கே கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு அதுதான் தலைமையிடம். துணி, வெடிமருந்து, அடிமைகள் மூன்றும் அங்கிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போயின. வங்காளத்து ஆற்று முகங்களில் அரக்கான்காரர்களும் (இன்றைய மியான்மரின் மேற்குக் கரைக்காரர்கள்), அவர்களோடு சேர்ந்த போர்ச்சுகீசிய ஓடுகாலிகளும் படகில் புகுந்து கிராமம் கிராமமாக ஆட்களைப் பிடித்து விற்றார்கள். அவர்களைக் கடற்கொள்ளையர் என்று எல்லாப் புத்தகமும் எழுதும். பிடித்தவர்களை மொத்தமாக வாங்கிக் கணக்கெழுதிக் கப்பலேற்றிய டச்சுக் கம்பெனியை அதே புத்தகங்கள் வணிக நிறுவனம் என்று எழுதும். பஞ்ச காலத்தில் இந்தக் கரையிலேயே பிள்ளைகளை விற்ற குடும்பங்கள் உண்டு. அவர்களையும் வாங்கியது இதே கம்பெனிதான்.

இன்றைக்குப் போனால் கோட்டை என்று சொல்ல மேடும் முட்புதரும்தான். ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது, தொல்லியல் துறை வேலி போட்டு வைத்திருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கி நிற்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அக்கா பையனைக் கூட்டிப் போனபோது வண்டியிலிருந்து குதித்து ஓடினான், "மாமா, பைரேட்ஸ் கல்லறை!" என்று. இல்லைடா, சாவு எல்லோருக்கும் உண்டு என்று ஞாபகப்படுத்த அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் வைக்கிற சின்னம், உள்ளே படுத்திருப்பது கம்பெனி அதிகாரிகளும் வியாபாரிகளும் அவர்கள் வீட்டு ஆட்களும் என்று விளக்கினேன். முகம் தொங்கிவிட்டது. அப்புறம் அந்த வியாபாரிகள் எதை விற்றார்கள் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான், பிறகு நண்டு வறுவல் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

சரி, மதராஸுக்கு வருவோம். 1639ல் ஆங்கிலேயர்கள் கோட்டைக்கு இடம் வாங்கியபோது இங்கே துறைமுகம் என்று ஒன்றும் இல்லை. வெறும் மணல், மேலே மேலே உடைகிற அலை. கப்பல்கள் வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய் வர வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு, அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகள் கை கட்டி நின்றால் கம்பெனி வியாபாரம் முழுவதும் நின்றுவிடும். கோட்டைப் பீரங்கிக்கு எட்டாத தூரத்தில் நிற்கிற கப்பலை ராத்திரியில் எவனும் வந்து அறுத்துக்கொண்டு போகலாம் என்பதும் உண்மைதான். ஆனால் கம்பெனிக்கு நிஜமான எரிச்சல் கொள்ளையரை விட, தன் சீட்டு இல்லாமல் தனியாக வியாபாரம் செய்கிற சக இங்கிலீஷ்காரர்கள் மேல். இரண்டு பேரையும் விசாரிக்கத்தான் 1683ல் அரசரிடம் சாசனம் வாங்கி, 1686ல் மதராஸில் ஒரு கடல் நீதிமன்றம் திறந்தார்கள். கொள்ளைக்காரனும் போட்டி வியாபாரியும் ஒரே கூண்டில்.

அப்படிச் சீட்டு இல்லாமல் ஒடிசாவின் பாலசோர் பக்கம் வியாபாரம் செய்து, கம்பெனியால் கைதாகி, அபராதம் கட்டிய ஆள் ஒருவர் உண்டு, தாமஸ் பிட். ஒழிக்க முடியவில்லை என்று தெரிந்ததும் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1698ல் அவரையே மதராஸ் கவர்னராக்கியது. 1709 வரை கோட்டையில் உட்கார்ந்து, தன்னை மாதிரி வந்தவர்களை விரட்டினார். இடையில் கொல்லூர்ச் சுரங்கத்து 410 காரட் வைரம் ஒன்றை ஜாம்சந்த் என்ற வணிகரிடம் வாங்கி, 1717ல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றார். இப்போது அது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதையல் வேண்டும் என்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம், நுழைவுச்சீட்டு உண்டு.

எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்த அயோக்கியன் சாமுவேல் வொயிட். 1670களில் மதராஸில் வந்து இறங்கியவன், கம்பெனியை விட்டு சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசரிடம் வேலைக்குப் போய் மெர்குயி துறைமுகத்துக்கு ஷாபந்தர், அதாவது துறைமுக அதிகாரி, ஆகிவிட்டான். மெர்குயி இன்றைக்கு மியான்மரின் தெற்குக் கரையில் இருக்கிறது, நம் கரைக்கு நேர் எதிரே, நடுவில் வங்காள விரிகுடா. அந்த நேரத்தில் சயாமுக்கும் கோல்கொண்டா சுல்தானுக்கும் தகராறு. வொயிட் சயாம் கொடியைக் கட்டிய கப்பல்களை அனுப்பி, கோல்கொண்டா நாட்டு வணிகர்களின் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தான். கொள்ளைப் பணம் யார் பைக்குப் போனது என்பது சயாம் அரசருக்குக் கடைசி வரை சரியாகத் தெரிந்திருக்காது. மதராஸ் பட்டணம் அப்போது கோல்கொண்டாவின் நிலத்தில் இருந்தது. பிடிபட்ட வணிகர்கள், "உங்கள் இங்கிலீஷ்காரன்தானே செய்கிறான்" என்று கம்பெனியைத்தானே கேட்பார்கள்?

1687ல் கம்பெனி கர்ட்டானா என்ற போர்க்கப்பலை ஆண்டனி வெல்ட்டன் என்ற கேப்டனோடு மதராஸிலிருந்து மெர்குயிக்கு அனுப்பியது. கையில் இங்கிலாந்து அரசரின் உத்தரவு: சயாமில் இருக்கிற ஆங்கிலேயர் எல்லோரும் வேலையை விட்டு வெளியேற வேண்டும். கூடவே சயாம் அரசரிடம் 65,000 பவுண்டு நஷ்ட ஈடு கேட்டு ஒரு கடிதம், அறுபது நாள் கெடு. கைது செய்ய வந்த வெல்ட்டனுக்கு வொயிட் விருந்து மேல் விருந்து வைத்தான். இரண்டு பேரும் சேர்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர்ச் சயாம் அதிகாரிகளுக்கு இரண்டு இங்கிலீஷ்காரர்களும் சேர்ந்து ஊரைப் பிடிக்கப் போகிறார்கள் என்று தோன்றியது, அப்படித் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை. ஜூலை 14ந்தேதி ராத்திரி கரையிலிருந்து பீரங்கி முழங்கியது. கம்பெனியின் இன்னொரு கப்பல் மூழ்கியது, கரையில் இருந்த ஆங்கிலேயர் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வொயிட் மட்டும் தன் கப்பலில் ஏறிப் பணத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பினான். கம்பெனி வழக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே 1689ல் செத்தும் போனான். அதே 1687ல் மதராஸுக்கு கவர்னராக வந்தவர்தான் எலிஹு யேல், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல். அவருடைய சின்னப் பையனின் கல்லறை உயர் நீதிமன்றப் பக்கம் இன்னும் கூம்பு மாதிரி நிற்கிறது. தினமும் வக்கீல்கள் அதைத் தாண்டித்தான் வண்டி நிறுத்தப் போகிறார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் அரண்மனைக்காரன் தெரு, அதாவது ஆர்மீனியன் தெரு. அந்தத் தேவாலயத்துக்குள் கட்டாயம் போக வேண்டும். 1712ல் கட்டி 1772ல் திரும்ப எழுப்பியது. தரையெல்லாம் வணிகர்களின் கல்லறைப் பலகை, தனியாக நிற்கிற கோபுரத்தில் ஆறு பெரிய மணிகள். வெளியே மூட்டை தூக்குகிறவர்களும் ட்ரை சைக்கிளும் கத்திக்கொண்டிருக்க, உள்ளே சத்தமே இருக்காது. கேப்டன் கிட் என்ற பெயர் எல்லோரும் கேள்விப்பட்டது. அந்த மனிதனைத் தூக்குமேடைக்கு அனுப்பியது இந்த ஆர்மீனியச் சமூகத்து வணிகர்களின் சரக்குதான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வில்லியம் கிட் கொள்ளையனாகக் கிளம்பவில்லை. கொள்ளையரையும் பிரெஞ்சுக் கப்பல்களையும் பிடிக்க இங்கிலாந்து அரசர் முத்திரை போட்டுக் கொடுத்த சீட்டோடு 1696ல் கிளம்பினார், பணம் போட்டவர்கள் பெரிய பெரிய பிரபுக்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் ஹென்றி எவரி என்பவன் ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலை, மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரீகர்களோடு, பிடித்துச் சூறையாடியிருந்தான். முகலாய அரசுக்கு எல்லா இங்கிலீஷ்காரன் மேலும் கோபம். இந்த நிலையில் 1698 ஜனவரியில் கேரளக் கரைக்கு அப்பால் கிட் ஒரு கப்பலைப் பிடித்தார். கெடா மெர்ச்சன்ட் என்று பெயர், வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபின் ஏற்றிப் போனது. சரக்கு ஆர்மீனிய வணிகர்களுடையது, கேப்டன் இங்கிலீஷ்காரர், கப்பலில் இருந்த அனுமதிச் சீட்டோ பிரெஞ்சு. பிரெஞ்சுச் சீட்டு இருந்தால் அது பிரெஞ்சுக் கப்பல், அதைப் பிடிக்க எனக்கு உரிமை உண்டு என்பது கிட்டின் வாதம். எந்தக் கம்பெனி எந்தக் கடலில் பிடிக்கும் என்று தெரியாமல் நாலைந்து நாட்டுச் சீட்டையும் வாங்கி வைத்திருப்பது அந்தக் கால வணிகர்களின் சாதாரண பழக்கம். அதுவே அவர்களுக்கு வினையாக வந்தது.

லண்டன் விசாரணையில் அந்த பிரெஞ்சுச் சீட்டுகளைக் காட்ட கிட்டால் முடியவில்லை, காணாமல் போயிருந்தன. 1701 மே 23ல் தேம்ஸ் கரையில் தூக்கு. முதல் தடவை கயிறு அறுந்து விழுந்தார், திரும்பவும் ஏற்றினார்கள். உடலைத் தாரில் தோய்த்து ஆற்றோரம் தொங்கவிட்டார்கள். இருநூறு வருஷம் கழித்து லண்டன் ஆவணக் காப்பகத்தில் அந்தச் சீட்டுகள் கிடைத்தன, யாரோ வேறு காகிதங்களோடு போட்டு வைத்திருந்தார்கள். கிட் யோக்கியன் என்று நான் சொல்லவில்லை, ஒரு வாளியால் அடித்துத் தன் கப்பல் ஆளையே கொன்றவர். ஆனால் பணம் போட்ட பிரபுக்களில் ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. கெடா மெர்ச்சன்ட் கப்பலின் மிச்சம் 2007ல் டொமினிகன் குடியரசுக் கடலில் கிடைத்தது. இப்போது அது கடலடி அருங்காட்சியகம், சுற்றுலாப் பயணிகள் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்க்கிறார்கள். மண்ணடிக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லறைப் பலகைகளைப் பார்க்க செருப்பு இருந்தால் போதும்.

இந்தக் கொள்ளைகளுக்கு மதராஸும் விலை கொடுத்தது. ஐரோப்பியரின் கொள்ளைக்குப் பதிலடியாக அவர்கள் சரக்கையும் ஆட்களையும் பிடிக்கச் சொல்லி ஔரங்கசீப் உத்தரவு போட, 1702ல் முகலாயத் தளபதி தாவூத் கான் படையோடு வந்து மாதக்கணக்கில் ஊரை மறித்து நின்றார். கோட்டைக்குள்ளே யார்? நம்ம தாமஸ் பிட்தான். கடைசியில் பணம் கொடுத்துச் சரிக்கட்டினார்.

1746ல் பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனே மதராஸைப் பிடித்து, பதினொரு லட்சம் பகோடா (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்று பேரம் பேசினார். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் தூப்ளே அதை ஒத்துக்கொள்ளவில்லை, பேரம் பேசியவர் பிரான்ஸ் திரும்பியதும் பாஸ்டில் சிறையில் கிடந்தார். சென்னை மேல் குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கதையை வடசென்னைக்காரனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எண்ணெய் டாங்குகள் எரிந்தது, உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு, எல்லாம் பாட்டி கதையிலேயே வந்துவிடும். ஒன்று மட்டும்: அந்தக் கப்பலுக்கு மூன்று புகைபோக்கிதான், நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிப் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டுத் திரிந்தது. இதைத் தனியாள் செய்தால் கொள்ளை.

பழங்கதை போதும். 2008க்குப் பிறகு சோமாலியக் கொள்ளையர் பயத்தில் வணிகக் கப்பல்கள் துப்பாக்கிக் காவலரை ஏற்றிக்கொண்டு நம் கரையை ஒட்டி ஓட ஆரம்பித்தன. 2012 பிப்ரவரியில் கேரளக் கரையில் என்ரிக்கா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவலர்கள், கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொல்லி ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்தார்கள், ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன். சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போய், 2021ல் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. அந்தச் சூடு நடந்த அடுத்த வருஷம், 2013 அக்டோபரில், கொள்ளையரைத் தடுக்கும் காவலர்கள் 25 பேரோடு சீமேன் கார்டு ஓகியோ என்ற கப்பல் தூத்துக்குடிப் பக்கம் மாட்டியது. துப்பாக்கிகளுக்கு இந்தியச் சீட்டு இல்லை என்பதுதான் வழக்கு. அதில் இருந்த பிரிட்டிஷ்காரர்கள் ஆறு பேர் வந்து சேர்ந்த இடம் எது? நம்ம புழல் சிறை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்கிற வரை அவர்கள் நாட்டுப் பத்திரிகைகள் 'சென்னை ஆறு பேர்' என்று எழுதிக்கொண்டே இருந்தன.

காசிமேட்டில் தெரிந்த விசைப்படகு டிரைவர் ஒருவரிடம் கடற்கொள்ளை பற்றிப் பேச்செடுத்தேன். "எந்தக் கொள்ளைக்காரனைக் கேக்குற தம்பி?" என்றார். நாகப்பட்டினம் பக்கம் ராத்திரியில் இலங்கையிலிருந்து ஃபைபர் படகில் வந்து வலை, ஜிபிஎஸ், இன்ஜின், பிடித்த மீன் எல்லாவற்றையும் அள்ளிப் போகிறவர்களை நம் பத்திரிகைகள் கடற்கொள்ளையர் என்றே எழுதுகின்றன, கத்தி வெட்டோடு கரை திரும்புகிறவர்கள் உண்டு. அது இவர் ஏரியா இல்லை. இவருக்குத் தலைவலி வடக்கே, ஆந்திராவில். நெல்லூர்ப் பக்கம் போனால் அந்த ஊர் மீனவர்கள் படகைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்கிறார்கள். இவர் அதைக் கொள்ளை என்கிறார். அவர்களைக் கேட்டால், பெரிய இன்ஜின் வைத்துக்கொண்டு கரையோரத்தில் வந்து எங்கள் மீனை அள்ளுகிறவன் யார் என்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. இவரிடம் மீனவர் அட்டை, படகுப் பதிவு, தமிழ்நாட்டுப் பச்சைப் பெயின்ட் எல்லாம் இருக்கிறது. "அலையில பேப்பரைக் காட்டினா எவன் படிக்கிறான்?" என்று சிரித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்குக் கோட்டை அருங்காட்சியகம் மூடியிருக்கும். மற்ற நாளில் பீச் ஸ்டேஷனில் இறங்கி, வெயில் ஏறுவதற்கு முன் ஆர்மீனியத் தேவாலயம், பிறகு கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயம், அடையாள அட்டை கையில் இருக்கட்டும், தலைமைச் செயலகம் என்பதால் சோதனை உண்டு. பழவேற்காட்டுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். குளிர்காலத்தில் போனால் பூநாரைகளும் கிடைக்கும். ஏரியில் படகுச் சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள், 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த தண்ணீர் அது. மீன் வாங்குவதென்றால் காலையிலேயே வாங்குங்கள், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, விலை உங்களைக் கொள்ளையடித்துவிடும்.